மூன்றாவது வரிசைக் காது

காது போன பிறகு ஹை-ஃபை சாமான் வாங்கப் புறப்பட்டவன் நான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி வாயிலாக உங்களுக்குத் தெரியவந்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

முழுக்கப் போய்விடவில்லை. பேச்சு கேட்கும். மினிபஸ் கண்டக்டர் தகரத்தைத் தட்டுவது கேட்கும். மேலதிகாரி திட்டுவது நன்றாகவே கேட்கும். போனது ஒலியின் மேல்மாடி மட்டும்தான். காது டாக்டர் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் வரும்போதெல்லாம் அழுத்துங்கள்" என்றார். கொஞ்ச நேரம் உற்சாகமாக அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. சரி, இடைவேளை போலிருக்கிறது, அடுத்த பகுதி தொடங்கட்டும் என்று பொத்தானும் கையுமாகக் காத்திருந்தேன். அவர் கதவைத் திறந்து, பரிசோதனை முடிந்துவிட்டது என்றார்.

"வயதானால் எல்லோருக்கும் வருவதுதான், உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கிறது" என்றார். இடது காது இன்னும் மோசமாம். கொசு, சில பறவைகள், வயலினின் உச்சி, இவையெல்லாம் இனிமேல் சந்தேகம்தானாம். கொசு கேட்காதது நஷ்டமில்லையே என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சிரிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வேறொருவனாக இருந்தால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருப்பான். என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் மூன்றாவது வரிசை.

காளிகாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு மண்டபத்தில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கச்சேரிகள் நடக்கும். அங்கே மூன்றாவது வரிசையின் ஓர இருக்கை என்னுடையது. பல வருஷங்களுக்கு முன் ஒரு கச்சேரியில் மைக் ஊளையிட ஆரம்பித்தது. ஆளுக்கொரு திசையில் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்துபோய், இந்த ஸ்பீக்கர்தான் என்று ஒன்றைத் திருப்பிவைத்தேன். ஊளை நின்றது. அன்றிலிருந்து சங்கத்தின் காது நான்தான். உள்ளங்கையைத் தூக்கினால் பாட்டைக் கூட்ட வேண்டும். தாழ்த்தினால் மிருதங்கத்தைக் குறைக்க வேண்டும். காது மடலைக் கிள்ளினால் வயலின் கீச்சிடுகிறது என்று பொருள். மேடையோரத்தில் தன் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மைக்காரர் வங்காளி, தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் என்னைப் பார்ப்பார், தலையாட்டுவார், ஒரு குமிழைத் திருகுவார். முன்வரிசைகள் திரும்பி என்னை மரியாதையாகப் பார்க்கும். அலுவலகத்தில் என் சொல்லுக்கு எந்தக் கோப்பும் அசைந்ததில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம். இந்த உலகத்தில் என் விரலுக்குக் கட்டுப்பட்டது அந்த ஒரு குமிழ்தான்.

அடுத்த கச்சேரி, சென்னையிலிருந்து வருகிறவரின் தனி வயலின். ஒரே வாரம்தான் இருந்தது. தனி வயலின் என்றால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. பாட்டு என்றால் வாயசைவைப் பார்த்தாவது சமாளிக்கலாம்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான எண்ணம் வந்தது. குறை காதில் இல்லை, வீட்டில் இருக்கும் பழைய சிடி பிளேயரில் இருக்கிறது. மங்கிப்போன மெஷினில் கேட்டுக் கேட்டுக் காது சோம்பேறியாகிவிட்டது. நல்ல மெஷினாக வாங்கி ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் அது சுறுசுறுப்பாகிவிடும். நான் நிறையப் படித்தவன், இந்த மாதிரி எண்ணங்கள் படிக்காதவர்களுக்கு வராது.

பழைய ஒலிச் சாமான்கள் விற்கும் ஒரு குழுவில் விளம்பரம் பார்த்தேன். நெட்வொர்க் பிளேயர், ஒருவரே பயன்படுத்தியது, நியூ டவுனில் வந்து பார்த்துக்கொள்ளலாம். கீழே ஒரு வரி: செவியுள்ளவர்கள் மட்டும் அழைக்கவும். அந்த வரியைப் பார்த்ததும் போனை வைத்திருக்க வேண்டும். நான் அழைத்தேன்.

"பிடிச்சா கொடுக்கறேன்" என்றார் அந்தப் பக்கத்துக்காரர், வங்காளத்தில்.

"எனக்குப் பிடிச்சா எடுத்துக்கறேன்" என்றேன் நானும் வங்காளத்தில்.

"இல்ல மொஷாய். எனக்கு உங்களைப் பிடிச்சா." மொஷாய் என்றால் ஐயா, மரியாதையில் குறை வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை டாக்சி பிடித்துப் போனேன். கேட்டில் காவலர் மேலே போன் செய்து கேட்டு, பெயர் எழுதி, போட்டோ எடுத்து, ஏதோ விசா கொடுப்பதுபோல உள்ளே விட்டார். லிஃப்டில் கண்ணாடி இருந்தது. அதில் தெரிந்த மனிதனின் முகத்தில் செவியுள்ளவன் களை இல்லை.

கதவைத் திறந்தவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஒரு பொறியியல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவராம். வெள்ளைப் பைஜாமா, மேலே சால்வை. கூடத்தில் டிவி கிடையாது. ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், எதிரே இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு மேசைமேல் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. வட்டு போட வாய் கிடையாது, நாடா கிடையாது, ஒரு சின்ன விளக்கு மட்டும். இணையத்தில் இருக்கும் பாட்டையோ வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்த பாட்டையோ வைஃபை வழியாக இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. பார்த்தால் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரைவிடச் சாதுவாக இருந்தது.

உட்காரும்போது நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். வலது காதை முன்னால் கொடுக்கலாம் என்ற திட்டம்.

"நகர்த்தாதீங்க!"

கீழே பார்த்தேன். நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸ் குறி போட்டிருந்தார். திட்டம் ஒன்று முடிந்தது.

அவர் பாட்டு எதுவும் போடாமல் பெட்டியை மட்டும் இயக்கினார். விளக்கு எரிந்தது. விரலை உதட்டில் வைத்தார்.

"கேளுங்க. இதுதான் இந்த மெஷினோட பெருமை. பாட்டுக்குப் பின்னால இருக்கிற நிசப்தம். எத்தனை கறுப்பா இருக்கு பாத்தீங்களா?"

"சுத்தக் கறுப்பு" என்றேன்.

"ஒரு மாசு மறு கிடையாது."

"கிடையவே கிடையாது."

இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுமில்லாததை ரசித்துக்கொண்டிருந்தோம். அதுவரை தேர்வில் தேறிக்கொண்டுதான் வந்தேன், அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. அவர் மனைவி தேநீரும் புதுவெல்லம் சேர்த்த சந்தேஷ் இனிப்பும் கொண்டுவந்தார். மேசையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், தட்டை வைத்தார், உள்ளே போய்க் கதவை அழுத்திச் சாத்திக்கொண்டார். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப விஷயத்துக்கு வருவோம்" என்றார் அவர். "ஒரு சிதார் போடறேன். பழைய பதிவு. யாரோ வீட்டுக் கூடத்துல, முன்னால நாலு பேரை உக்காரவெச்சுப் பண்ணினது. ஆலாப், உங்க ஆலாபனை, முடியற இடத்துல ஒண்ணு நடக்கும். அதைக் கேக்கறவருக்குத்தான் இந்த மெஷின். இதுக்கு முன்னால ரெண்டு பேர் வந்தாங்க. நம்ம வயசுக்காரங்கதான். ரெண்டு பேருக்கும் கேக்கலை. அனுப்பிட்டேன்."

என் கையிலிருந்த சந்தேஷைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். எழுந்து, மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே போயிருக்கலாம். ஆனால் இங்கே தோற்றால் அடுத்த சனிக்கிழமை மூன்றாவது வரிசையிலும் தோற்பேன் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவரை ஜெயித்துவிட்டால் சபையை ஜெயித்த மாதிரி.

சிதார் ஆரம்பித்தது. நன்றாகத்தான் இருந்தது, கீழ்த் தந்திகள் எல்லாம் கம்பீரமாக வந்தன. மேலே போகப் போக, மாடிப்படி ஏறுகிறவர் பாதியில் இருட்டுக்குள் நுழைந்த மாதிரி, வித்வான் போய்விடுவார். திரும்பி இறங்கும்போது மறுபடி தெரிவார். நான் அந்த இருட்டை உற்று உற்றுப் பார்த்தேன். என்ன நடக்கும்? யாராவது இருமுவார்களா? கதவு திறக்குமா? தந்தி அறுமா? கூர்ந்து கேட்கக் கேட்க எனக்கு என் நாடித்துடிப்புதான் கேட்டது. ஆலாப் தளர்ந்துகொண்டே வந்தது. முடியப்போகிறது.

காது கைவிட்டால் கண். அவரைப் பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியில் கையை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று அவருடைய ஆள்காட்டி விரல், மயிரிழை அளவுக்கு, மேலே எழுந்தது.

"ஆஹா" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "கேட்டுதா?"

"கேட்டுது."

"என்ன கேட்டுது?"

வாழ்க்கையில் சில கேள்விகளுக்கு முன்னால் மனிதன் நிர்வாணமாக நிற்கிறான். நான் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தேன். பிறகு, நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் அமையாத ஒரு வாக்கியம், வங்காளிகள் அண்ணனை அழைக்கும் 'தாதா'வோடு, என் வாயிலிருந்து வந்தது.

"அதை வார்த்தையில சொன்னா அது போயிடும் தாதா."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மெல்ல இறங்கியது. கண் லேசாகக் கலங்கியதுபோலக்கூட இருந்தது. உருகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து, ஒயர்களைக் கழற்றி, பெட்டியைத் தன் கையாலேயே பழைய அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஒட்டினார். பேசிய விலையை வாங்கிக்கொண்டார். வாசலில் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நிஜமாவே கேட்டுதா?"

"சத்தியமா."

"அப்ப சரி" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்சியில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்தவன் அதை டிரைவரிடம்கூடப் பீற்றிக்கொள்ளாமல் ஏன் உம்மென்று வந்தான் என்பது புரியவில்லை. சந்தேஷ் மேல் பழியைப் போட்டேன்.

வீட்டில் என் மகள்தான் அதை வைஃபையோடு சேர்த்துக்கொடுத்தாள். கல்லூரியில் படிக்கிறாள், கோபம் வந்தால் வங்காளமும் காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழும் பேசுவாள். போனில் இரண்டு தட்டுத் தட்டினாள், வீணை வந்தது. நான் சோபாவில் சாய்ந்து, பயிற்சியைத் தொடங்கினேன்.

"அப்பா, அது என்ன கீச்சுன்னு ஒரு சத்தம்?"

"எது?"

"பாட்டுக்கு நடுவுல. கொசு மாதிரி. இழுத்துக்கிட்டே இருக்கு."

சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "நானும் கேக்கணும்னுதான் வந்தேன். ஃப்ரிட்ஜோன்னு பாத்தேன். இதுலேர்ந்தா வருது? காதைக் குடையுதே!"

நான் கேட்டேன். வீணை கேட்டது. ஃப்ரிட்ஜ் கேட்டது. கீச்சு இல்லை.

இந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நிசப்தத்தைப் புகழ்ந்துவிட்டு வந்தவன் நான். "ஓ, அதுவா? கேக்குது, கேக்குது" என்றேன். "இந்த மாதிரி உயர்ந்த மெஷின்ல அது இருக்கும். சூடாக சூடாகச் சரியாயிடும்."

"சூடாகணுமா? இட்லிப் பானையா அது?" என்றாள் மனைவி.

மகள் பாட்டை நிறுத்தினாள். மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்தாள், ஏதோ ஒயரைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்பவும் கேக்குதாப்பா?"

தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, மூன்றாவது வரிசையில் எப்படிக் கேட்பேனோ அப்படிக் கேட்டேன். "கேக்குது. ஆனா முன்னைக்கு இப்ப குறைஞ்சிருக்கு. சொன்னேன் பாரு."

"தூர் பாபா!" என்று மகள் வங்காளத்தில் சலித்துக்கொண்டாள், பிறகு கையை முன்னால் நீட்டினாள். கையில் பிளக் இருந்தது. "பிடுங்கி எடுத்துட்டேன்ப்பா. மெஷினே ஓடலை."

கீழே யாரோ ரிக்‌ஷாக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி கரண்டியை மேசைமேல் வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரியது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன்."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி அறையில் இடைவேளைக்குக் காத்திருந்ததையும் சேர்த்து. மகள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். மனைவி சிரிக்கவில்லை. மனதுக்குள் வேறெதையோ கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப, ஒரு வருஷத்துக்கு மேல, நான் உள்ளேயிருந்து கூப்பிட்டா நீங்க திரும்பாம உக்காந்திருந்தது... அது காதா?"

"ஆமா."

"வேணும்னே இல்லையா?"

இங்கே நான் யோசித்தேன். ஏற்கெனவே இத்தனை பொய் சொன்ன நாளில் இன்னொன்றைச் சேர்க்க மனம் வரவில்லை. "பாதி காது" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் எது, நிம்மதி எது என்று பிரிக்க எந்த மெஷினாலும் முடியாது. "நாளைக்கு நானும் வரேன். பெட்டியைக் கொண்டுபோய் அவர்கிட்டயே கேப்போம். வித்தவர் தெரிஞ்சே வித்தாரா தெரியாம வித்தாரான்னு பாக்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்த கேட், அந்த போட்டோ, அந்த லிஃப்ட். அவர் கதவைத் திறந்தபோது முகம் வெளுத்திருந்தது, சவரம் செய்திருக்கவில்லை. கீச்சு என்று நான் சொன்னதும் நிமிர்ந்துகொண்டார்.

"இந்த மெஷின்லயா? நேத்து நீங்களே கேட்டீங்களே. சுத்தக் கறுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"மாட்டுங்க, பாத்துடுவோம்."

மாட்டினோம். விளக்கு எரிந்தது. அவரும் நானும் இரண்டு பக்கமும் குனிந்து பெட்டியில் காதை வைத்தோம். வைத்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குப் பின்னால் அவர் மனைவியின் குரல் வந்தது, என் மனைவியிடம் கேட்கிறார்:

"உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது பௌதி. ஊசி குத்தற மாதிரி." அண்ணி முறை வைத்தே பேச ஆரம்பித்துவிட்டாள் என் மனைவி.

"அப்பாடா! நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். இது ஓடினா நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருப்பேன். கேட்டா, உனக்கு சங்கீதம் புரியாதுங்கறார்."

"எங்க வீட்லயும் இதே வசனம்தான்" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் அந்த நிமிஷமே சிநேகிதிகளாகிவிட்டார்கள். ஏதோ ரயில்பெட்டியில் ஒரே ஊர்க்காரரைக் கண்டுகொண்ட மாதிரி.

அவர் மெல்ல நிமிர்ந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"எனக்குக் கேக்கலை, சரி. உங்களுக்கு எப்படிக் கேக்காம போச்சு? வளையல் கேட்ட காதுக்குக் கீச்சு கேக்காதா?"

"எந்த வளையல்?" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது.

"ஆலாப் முடியற இடத்துல" என்றார் அவர், நிறுத்தி நிறுத்தி. "கேட்டுக்கிட்டிருந்த ஒரு அம்மா கையை எடுப்பாங்க. வளையல் லேசா சிணுங்கும். அதைத்தானே நீங்க நேத்து... வார்த்தையில சொன்னா போயிடும்னு..."

"எனக்கு ஒண்ணும் கேக்கலை தாதா. உங்க விரலைப் பார்த்தேன். விரல் எழுந்துச்சு. ஆஹான்னுட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் சாக்பீஸ் குறிகளைப் பற்றிக் கவலைப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் கேக்கலை மொஷாய்" என்றார். "ரொம்ப நாளாவே கேக்கலை. மனப்பாடம். இந்த இடம்னு விரல் தானா எழும். மெஷின் மங்கிப்போச்சுன்னு நினைச்சேன், அதனாலதான் வித்துடலாம்னு. ஆனா கெட்டதை நல்லதுன்னு சொல்லி விக்க மனசு வரலை. யாருக்காவது வளையல் கேட்டா, அவருக்குக் கொடுத்தா அது ஏமாத்தறது இல்லையே? முதல்ல வந்த ரெண்டு பேருக்கும் கேக்கலைன்னதும் எனக்குள்ள ஒரு சந்தோஷம். அப்ப மெஷின்தான், என் காது இல்லை. அப்புறம் நீங்க வந்தீங்க."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் அந்தச் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சத்தியம் வேற பண்ணினீங்க. நேத்திலேர்ந்து நான் சரியாச் சாப்பிடலை."

இதுவரை நான் கேலி செய்து பிழைத்தவன். அந்த இடத்தில் என்னிடம் கேலி எதுவும் இருக்கவில்லை. மன்னிச்சுக்கோங்க என்று மட்டும் சொன்னேன். அவர் கையை அசைத்தார். அது மன்னிப்பா, போதும் நிறுத்து என்பதா என்று தெரியவில்லை.

"அந்தப் பாட்டைப் போடுங்க" என்றார் அவர் மனைவி. "நாங்க கேட்டுச் சொல்றோம்."

அந்தச் சிதாரை மறுபடி போட்டார். இந்த முறை இரண்டு நாற்காலியிலும் பெண்கள். நாங்கள் இருவரும் சுவரோரம், ரிசல்ட்டுக்கு நிற்கும் மாணவர்கள் மாதிரி. ஆலாப் தளர்ந்தது. இவர் விரல், பழக்கதோஷம், பைஜாமாமேல் எழுந்தது. நான் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் அசையவில்லை. சிதார் இன்னும் கொஞ்சம் நடந்தது, இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு, இருவர் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

"இதோ" என்றார் அவர் மனைவி.

"ஆமா, வளையல்தான்" என்றாள் என் மனைவி. "கண்ணாடி வளையல்."

ஆக, நான் 'ஆஹா' சொன்ன இடத்தில் ஒன்றுமே இருந்திருக்கவில்லை. மெஷின்மேல் எந்தக் களங்கமும் கிடையாது, அதில் வளையலும் இருந்தது, கொசுவும் இருந்தது. சுவரோரம் நின்றவர்களிடம்தான் இரண்டும் இல்லை. அவர் குனிந்து பெட்டியை அணைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "உங்களுக்கு எந்தக் காது?" என்று கேட்டார்.

"இடதுதான் ஜாஸ்தி."

"எனக்கு வலதுன்னு நினைக்கறேன்" என்றார். "டாக்டர்கிட்ட போனதில்லை. பயம்."

"ஒண்ணுமில்லை தாதா. கண்ணாடி ரூம்ல உக்காரவெப்பாங்க. இடைவேளைன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவர் மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டார், பணத்துக்காக அல்ல, அந்தக் கொசுவை மறுபடி வீட்டுக்குள் விட முடியாது என்பதற்காக. கடைசியில் ரிப்பேர் செலவு அவருடையது என்று முடிவாயிற்று. சாந்தினி மார்க்கெட்டில் ஒருவர் உள்ளே கரண்ட் கொடுக்கும் பாகத்தை மாற்றிக் கொடுத்தார். கீச்சு போய்விட்டதாம். வீட்டில் இரண்டு பேர் சொல்கிறார்கள், நான் நம்புகிறேன்.

ஆனால் அன்று டாக்சியில் திரும்பும்போது ரிப்பேர் பற்றி யாரும் பேசவில்லை. பைபாஸில் சிக்னலுக்கு நின்றபோது மனைவி என் வலது பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தாள். அது எனக்குப் புரிய அடுத்த சிக்னல் ஆயிற்று.

"சனிக்கிழமை என்ன பண்ணப் போறீங்க? வயலினாச்சே" என்றாள்.

"எதையாவது பண்ணிக் கையைக் காட்டிட்டு வந்துடுவேன்."

"நேத்து அந்த மனுஷன்கிட்டயும் அப்படித்தானே பண்ணீங்க?"

நான் தெரியாமல் காது மடலைக் கிள்ளினால், ஒரு வித்வான் வாழ்நாளெல்லாம் சாதகம் செய்து கொண்டுவந்த உச்சிச் சுரத்தை மைக்காரர் என் பேச்சைக் கேட்டு வெட்டிவிடுவார். மண்டபம் நிறைய ஆட்கள் அதை இழந்துவிட்டு, மூன்றாவது வரிசையை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிடாமல் இருந்த ஒருவரின் முகத்தை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இன்னும் ஒரு மண்டபத்தைச் சேர்த்துக்கொள்ளத் தைரியம் இல்லை.

சங்கத்தின் செயலாளருக்கு வீட்டிலிருந்து போன் செய்தேன். என்னைவிட இளையவர், வங்கியில் அதிகாரி, எதற்கும் பதறாதவர். ஒரு ராஜிநாமாவுக்கு உரிய கனத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, வயலின் உச்சி கேட்காதது, இனி அந்த இருக்கையில் உட்கார எனக்குத் தகுதியில்லை என்பது, இந்த ஒரு வருஷத்தில் எத்தனை கச்சேரிகளைக் கெடுத்தேனோ தெரியவில்லை, அதற்காகச் சங்கம் என்னை மன்னிக்க வேண்டும் என்பது. மனைவியும் மகளும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அழுகிறாரோ என்றுகூட நினைத்தேன். யாரிடமோ, தேநீருக்குச் சர்க்கரை போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதனால என்ன சார்? நீங்க பாட்டுக்கு வழக்கம்போல வந்து உக்காந்து கையைக் காட்டுங்க. நீங்க காட்டினாத்தான் ஜனங்களுக்கும் ஒரு திருப்தி" என்றார். "காது போனதுக்கும் கச்சேரிக்கும் சம்பந்தமே இல்ல சார். மைக்காரர் முதல்லேர்ந்தே உங்களுக்குன்னு தனியா ஒரு குமிழ் வெச்சிருக்கார். அதுல ஒயரே கிடையாது."